கோட்டையூருக்கு மட்டும் என்ன கோளாறு? விஎஸ் கோடும் கிட்டும் முரண்டிய ஒரு நிகழ்வு ஆய்வு

காரைக்குடியில் சிலர் சேர்ந்து செட்டிநாட்டு ஊர்களுக்காக ஓர் இணையதளம் தயாரித்து வருகிறார்கள். ஊருக்கு ஒரு பக்கம். அந்த ஊர் வீடுகளின் முகப்பு, வளவு, பட்டாலை, தரையில் பதித்த ஆத்தங்குடிக் கல், ஊரணி, கோயில் என்று படங்களும் குறிப்புகளும் இருக்கும். டேட்டாபேஸ் எதுவும் கிடையாது. ஒவ்வோர் ஊரும் ஒரு மார்க்டவுன் ஃபைல் (எளிய குறிகளோடு எழுதும் வெறும் உரை), அதன் பெயரும் தமிழிலேயே. எல்லாம் ஒரே கிட் ரெப்போவில், அதாவது ஃபைல்களின் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட் என்ற மென்பொருளின் களஞ்சியத்தில், கிடக்கிறது. விஎஸ் கோட் என்ற எடிட்டரில் எழுதி, கமிட் செய்து (மாற்றத்தை கிட்டில் பதிந்து), புஷ் செய்தால் (பொதுக் களஞ்சியத்துக்கு அனுப்பினால்), லினக்ஸ் சர்வர் அதை இழுத்துப் பக்கங்களாக மாற்றி வெளியிடும்.

இதில் கை வைப்பவர்கள் முக்கியமாக மூன்று பேர். எழுத்துவேலை பார்க்கும் தம்பியிடம் விண்டோஸ் லேப்டாப். படங்களைக் கவனிக்கும் அக்கா கோட்டையூரில் வீட்டிலிருந்தே மேக்கில் வேலை செய்கிறார். பிழை திருத்துபவர் ஓய்வு பெற்ற தமிழாசிரியர் ஒருவர், அவரும் விண்டோஸ்தான். ஏதாவது முடங்கினால் என்னைக் கூப்பிடுவார்கள்.

இந்த முறை வந்த புகார் இரண்டு தலைகளோடு வந்தது. தம்பி சொன்னது: "அண்ணே, எடிட்டரும் கிட்டும் ஒத்தே போகலைண்ணே. சேவ் பண்றேன், கமிட் பண்றேன், புஷ்ஷும் ஆயிடுது. தளத்துல போய்ப் பார்த்தா சில ஊருக்குப் பழசுதான் இருக்கு." அக்கா சொன்னது வேறு: "நான் ஒண்ணையுமே தொடலை தம்பி. புதுசா க்ளோன் பண்ணித் திறக்கிறேன், திறந்த உடனேயே சில ஃபைல் மாத்தினதாக் காட்டுது. டிஸ்கார்ட் கொடுத்தா அது போயிடுது, ஆனா அதே பேர்ல திரும்பவும் ஒண்ணு வந்து நிக்குது." (க்ளோன் என்றால் ரெப்போவை முழுதாக நகல் இறக்குவது, டிஸ்கார்ட் என்றால் மாற்றத்தைக் கைவிடுவது.) இதோடு மூன்றாவதாக ஒன்று: தளத்தில் சில படங்கள் வரவே இல்லை. அக்காவின் மேக்கில் முன்னோட்டம் பார்த்தால் அதே படங்கள் அழகாக வருகின்றன.

மூன்றும் ஒரே நோயா, மூன்று தனித்தனி நோயா என்பதே முதலில் தெரியவில்லை.

வழக்கமான சந்தேகங்கள்

எடிட்டரில் சேவ் ஆகாமல் கிடக்கிறதா என்று பார்ப்பதுதான் முதல் வேலை. விஎஸ் கோடில் தானாகச் சேமிக்கும் வசதி கணினியில் நிறுவும்போது அணைந்தே இருக்கும். டேபில் பெருக்கல் குறிக்குப் பதிலாக ஒரு புள்ளி நின்றால், திரையில் இருப்பது டிஸ்கில் இல்லை என்று அர்த்தம். டிஸ்கில் இல்லாததை கிட் பார்க்கவே பார்க்காது. எடிட்டருக்கும் கிட்டுக்கும் நடுவே நேரடிப் பேச்சுவார்த்தை எதுவும் கிடையாது. இரண்டும் சந்திக்கும் ஒரே இடம் டிஸ்கில் உள்ள ஃபைல்தான். இதைப் புரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் குறையும். கீழே இருக்கும் 'சிங்க் சேஞ்சஸ்' பொத்தானும் அப்படித்தான். அது புல்லும் (மற்றவர் அனுப்பியதை இழுப்பது) புஷ்ஷும் செய்யும், அவ்வளவே. கமிட் ஆகாததை அது எங்கேயும் கொண்டு போகாது. தம்பியின் டேபில் புள்ளி இல்லை, கமிட்டும் இருந்தது, ரிமோட்டிலும் (எல்லோருக்கும் பொதுவான ரெப்போ) அந்தக் கமிட் இருந்தது. இந்தச் சந்தேகம் அடிபட்டது.

அடுத்தது ஒன்ட்ரைவ். தம்பியின் ரெப்போ டாக்குமென்ட்ஸ் ஃபோல்டருக்குள் இருந்தது, அந்த ஃபோல்டர் ஒன்ட்ரைவில் பேக்கப் ஆகிக்கொண்டிருந்தது. கிட்டின் மறைவு ஃபோல்டரையும் சேர்த்து இன்னொரு மென்பொருள் ஒத்திசைப்பது நல்லதில்லை. கிட் ஒரு பக்கம் தன் ஃபைல் பட்டியலான இண்டெக்ஸை எழுத, அது இன்னொரு பக்கம் அதைப் பிடித்து வைக்க, பூட்டு ஃபைல் மிச்சமாகி வேலை நின்றுபோகும். ஒரு ரெப்போவுக்கு ஒத்திசைவுக்காரர் ஒருவர் போதும், அது கிட். ரெப்போவை சி டிரைவில் தனி ஃபோல்டருக்கு மாற்றச் சொன்னேன். மாற்றியும் புகார் அப்படியே இருந்தது. ஒன்ட்ரைவ் இந்த வழக்கில் குற்றவாளி இல்லை, ஆனாலும் திரும்ப உள்ளே விடவில்லை.

பிறகு வரிமுடிவு. விண்டோஸும் மற்றவையும் வரியை முடிக்கும் விதம் வேறு, அதனால் தொடாத ஃபைலும் மாறியதாகத் தெரிவது பழைய கதை. ஆனால் வரிமுடிவுதான் காரணம் என்றால் கிட்டின் டிஃபில் (பழையதையும் புதியதையும் வரி வரியாக ஒப்பிடும் காட்சி) ஃபைல் முழுக்க, முதல் வரி முதல் கடைசி வரி வரை, சிவப்பும் பச்சையுமாக இருக்கும். அக்காவின் திரையில் இரண்டு மூன்று வரிகள்தான் மாறியிருந்தன, அவை நிஜமான வாக்கிய வேறுபாடுகள். கிட் எல்எஸ்-ஃபைல்ஸ் கட்டளையை ஈஓஎல் விருப்பத்தோடு ஓட்டிப் பார்த்ததிலும் ரெப்போவுக்குள் எல்லாம் ஒரே வகையாகத்தான் இருந்தது.

ஆங்கிலப் பெயர் வைக்கும் இடங்களில் பெரிய எழுத்து, சின்ன எழுத்துச் சிக்கல் வரும். தமிழில் அந்த வில்லனுக்கு வேலையில்லை. படங்களின் எக்ஸ்டென்ஷனில் மட்டும் அது ஒளிந்திருக்கலாம், அங்கேயும் இல்லை.

ஆசிரியர் பார்த்த பட்டியல்

எந்த எந்த ஊர்களில் தகராறு, எதில் இல்லை என்று தனித்தனியாக ஒரு தாளில் எழுதச் சொன்னேன். நல்லபடியாக இருந்தவை: காரைக்குடி, பள்ளத்தூர், கானாடுகாத்தான், ஆத்தங்குடி, கண்டனூர், புதுவயல், நெற்குப்பை. தகராறு செய்தவை: கோட்டையூர், கோனாப்பட்டு, கொத்தமங்கலம், தேவகோட்டை, நாட்டரசன்கோட்டை.

நான் தேதிகளையும் கமிட்டுகளையும் ஒப்பிட்டுக்கொண்டிருந்தேன். ஆசிரியர் தாளை வாங்கிப் பார்த்தார். "தம்பி, இந்தப் பக்கம் இருக்கிற ஊர் எல்லாத்துலயும் ஒகரம் இல்லாட்டி ஓகாரம் ஏறின எழுத்து ஒண்ணு இருக்கு. அந்தப் பக்கம் ஒண்ணுலயும் இல்லை, பாருங்க" என்றார்.

பார்த்தேன், சரியாக இருந்தது. வராத படங்களின் பெயர்களையும் எடுத்துப் பார்த்தோம். கண்டாங்கிச் சேலைப் படம் தளத்தில் வருகிறது, பனையோலைக் கொட்டான் படம் வரவில்லை. வளவு வருகிறது, கோலம் வரவில்லை. இதற்கு மேல் தேதி பார்க்க அவசியமில்லை.

தம்பியின் லேப்டாப்பில் ஃபோல்டரைத் திறந்தால் கோட்டையூர் என்று இரண்டு ஃபைல் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. எழுத்துக்கு எழுத்து ஒன்றேபோல் தெரியும் பெயர், விண்டோஸ் இரண்டையும் அனுமதித்திருக்கிறது. முன்பே அவர் அதைப் பார்த்திருக்கிறார், விஎஸ் கோடுதான் ஏதோ குழப்பிக்கொண்டு இரண்டு முறை காட்டுகிறது என்று விட்டுவிட்டார்.

ஒரு ஃபைலின் பெயர் மாற்றும் பெட்டியில் கர்சரை 'கோ'வுக்கு அடுத்து வைத்து பேக்ஸ்பேஸ் ஒரு முறை தட்டினேன். ஓகாரம் முழுவதும் போய் 'க' நின்றது. எஸ்கேப் கொடுத்துவிட்டு இரண்டாவது ஃபைலில் அதையே செய்தேன். இப்போது கால் மட்டும் போய் 'கே' நின்றது. ஒன்றில் 'கோ' என்பது ககரமும் ஓகாரக் குறியும், மற்றொன்றில் ககரம், இரட்டைக்கொம்பு, கால்.

கிட்டுக்கு என்ன தெரிகிறது

தமிழ்ப் பெயர்கள் டெர்மினலில் படிக்கும்படி இருக்க வேண்டும் என்று இந்தக் குழு கிட்டின் கோர்.கோட்பாத் அமைப்பை அணைத்து வைத்திருந்தது. நானும் எல்லோருக்கும் அதைத்தான் சொல்வேன். இல்லாவிட்டால் தமிழ்ப் பெயர் ஒவ்வொன்றும் எண்களாகக் கொட்டும். ஆனால் இங்கே அந்த எண்கள்தான் தேவைப்பட்டன. அமைப்பைத் திரும்பப் போட்டு ஃபைல் பட்டியலைக் கேட்டதும் 'கோ' இரண்டு விதமாக வந்தது:

\340\256\225\340\257\213

\340\256\225\340\257\207\340\256\276

முதல் மூன்று எண்கள் இரண்டிலும் ஒன்றே, அது 'க'. மேலே உள்ளதில் அதன் பிறகு ஒரே குறி. கீழே உள்ளதில் 207இல் முடிவது இரட்டைக்கொம்பு, 276இல் முடிவது கால். கிட்டுக்கு ஃபைல் பெயர் என்பது வெறும் பைட் வரிசை. பைட் வேறு என்றால் ஃபைல் வேறு, பார்ப்பவர் கண்ணுக்கு எப்படித் தெரிகிறது என்பது அதற்குச் சம்பந்தமில்லாதது.

யூனிகோடு இந்த இரண்டையும் சமம் என்றே வரையறுத்திருக்கிறது. சேர்த்து எழுதும் வடிவத்துக்கு என்எஃப்சி என்று பெயர், பிரித்து எழுதுவதற்கு என்எஃப்டி. தமிழ் உயிர்மெய்க் குறிகளில் இப்படிப் பிரியக்கூடியவை மூன்றுதான்: ஒகரம், ஓகாரம், ஔகாரம். (உயிரெழுத்து 'ஔ'வும் பிரியும்.) ஐகாரக் குறி பிரியாது, வெறும் கொம்புகள் பிரியாது. அதனால்தான் நெற்குப்பைக்கு ஒன்றும் ஆகவில்லை. தேவகோட்டையில்கூட 'தே' நிரபராதி, மாட்டிவிட்டது 'கோ'.

இப்போது மூன்று கணினிகளும் இதை எப்படி எடுத்துக்கொள்கின்றன என்று பார்த்தால் புகார்கள் ஒவ்வொன்றாக அவிழ்ந்துவிடும். விண்டோஸின் என்டிஎஃப்எஸ்ஸும் லினக்ஸில் சாதாரணமாகப் பயன்படும் ஃபைல் சிஸ்டங்களும் இரண்டு வடிவங்களையும் இரண்டு பெயர்களாகவே வைத்துக்கொள்ளும். மேக் அப்படியில்லை. பழைய எச்எஃப்எஸ் பிளஸ் எல்லாப் பெயரையும் பிரித்தே சேமித்தது. 2017இல் வந்த ஏபிஎஃப்எஸ் கொடுத்ததைக் கொடுத்தபடி வைக்கும், ஆனால் இரண்டும் ஒரே பெயர் என்று கருதும். ஒரே ஃபோல்டரில் இரண்டும் சேர்ந்து இருக்க முடியாது.

அக்காவின் மேக்கில் க்ளோன் செய்யும்போது கிட் கோட்டையூரை ஒருமுறை எழுதுகிறது. இரண்டாவது கோட்டையூரை எழுதப் போனால் மேக் அதே ஃபைலைத் தருகிறது, முதலாவதன் மேல் இரண்டாவது உட்காருகிறது. பிறகு ஸ்டேட்டஸ் கேட்டால், ரெப்போவில் இரண்டு ஃபைல், டிஸ்கில் ஒன்று. அந்த ஒன்றின் உள்ளடக்கம் இரண்டில் ஒரு பெயருக்குத்தான் பொருந்தும், மற்றது 'மாறிவிட்டது' என்று வரும். டிஸ்கார்ட் கொடுத்தால் அதன் உள்ளடக்கம் எழுதப்படும், உடனே முதல் பெயர் பொருந்தாமல் போகும். எத்தனை தடவை செய்தாலும் ஒன்று தலை தூக்கியபடியே இருக்கும். இப்படி மோதும் பெயர்கள் இருந்தால் க்ளோன் முடிவில் கிட் எச்சரிக்கை தருகிறது, 2018 கடைசியில் வந்த பதிப்பிலிருந்து அது உண்டு. ஆனால் எடிட்டரின் பொத்தானை அழுத்தி க்ளோன் செய்பவர் அந்த வரியைப் பார்க்க வாய்ப்பில்லை. அக்காவை டெர்மினலில் க்ளோன் செய்யச் சொன்னதும் அது பளிச்சென்று வந்தது.

இங்கே ஓர் ஆபத்தும் இருந்தது. அக்கா எரிச்சலில் 'எல்லாவற்றையும் ஸ்டேஜ் செய்' (கமிட்டுக்குத் தயாராக்கு) என்று கொடுத்து கமிட் செய்திருந்தால், டிஸ்கில் இருக்கும் ஒரே உள்ளடக்கம் இரண்டு பெயருக்கும் போய், மற்றவரின் திருத்தம் சமீபத்திய பதிப்பிலிருந்து சத்தமில்லாமல் காணாமல் போயிருக்கும். பழைய கமிட்டில் தேடினால் கிடைக்கும், தேட வேண்டும் என்று யாருக்குத் தோன்றும்?

தம்பியின் கதை எளிது. அவர் சில சமயம் பக்கவாட்டுப் பட்டியலில் கிளிக் செய்து திறப்பார், சில சமயம் கண்ட்ரோல்-பி அழுத்திப் பெயரைத் தட்டுவார். விசைப்பலகையில் தட்டினால் சேர்ந்த வடிவம்தான் வரும், அதற்குச் சேர்ந்த பெயருள்ள ஃபைல்தான் அகப்படும். கிளிக் செய்யும்போது கைக்கு வந்தது எதுவோ அது. தளத்தின் ஊர்ப் பட்டியல் அவர் தட்டச்சு செய்தது, எனவே சேர்ந்த பெயருக்கே இணைப்பு. பிரிந்த பெயரில் அவர் செய்த திருத்தம் எதுவும் வாசகர் கண்ணில் படவே இல்லை.

படங்களும் அப்படியே. பக்கத்தில் எழுதிய பெயர் சேர்ந்தது, படத்தின் பெயர் பிரிந்தது. மேக் இரண்டும் ஒன்று என்று எடுத்துக் கொடுத்துவிடும். லினக்ஸ் சர்வர் அப்படி ஃபைல் இல்லை என்று 404 காட்டும்.

பிரிந்த பெயர் உள்ளே வந்த வழி

மேக்கிலிருந்து நேராகக் கமிட் செய்திருந்தால் இந்த வினையே வந்திருக்காது. 2012இலேயே கிட்டில் கோர்.ப்ரீகம்போஸ்யுனிகோடு என்ற அமைப்பு வந்துவிட்டது, மேக்கில் ரெப்போ உருவாகும்போதே அது தானாக இயங்கி, பிரிந்த பெயரைச் சேர்த்துத்தான் உள்ளே எடுத்துக்கொள்ளும். ஆனால் அக்கா கிட்டுக்கு வருவதற்கு முன் படங்களையும், தானே திருத்திய சில ஊர்க் குறிப்புகளையும் ஒரு ஃபோல்டராக இணையச் சேமிப்பில் ஏற்றியிருந்தார். மேக்கின் ஃபைண்டரில் பெயர் வைத்தால் அது பெரும்பாலும் பிரிந்த வடிவம்தான். தம்பி அதை விண்டோஸில் இறக்கி, ரெப்போ ஃபோல்டரில் இழுத்துப் போட்டு, மொத்தமாகக் கமிட் செய்தார்.

அந்த நாளைப் பற்றிக் கேட்டபோது அவரே ஒன்றை நினைவுபடுத்தினார்: "பள்ளத்தூருக்கு 'ஏற்கெனவே இருக்கு, மாத்தவா'ன்னு கேட்டுச்சுண்ணே. கோட்டையூருக்குக் கேட்கவே இல்லை. அப்ப அது புதுசு போலன்னு நினைச்சேன்."

சரிசெய்த விதம்

எல்லோரையும் கையில் இருப்பதைப் புஷ் செய்துவிட்டு நிறுத்தச் சொன்னேன். கிட் பண்டில் கட்டளையில் முழு ரெப்போவையும் ஒரே ஃபைலாக எடுத்துத் தனியே வைத்தோம். அப்புறம் பழுதுபார்க்கும் வேலையை லினக்ஸில் வைத்துக்கொண்டேன். மேக்கில் செய்ய முடியாது. பிரிந்த பெயரைச் சேர்ந்த பெயராக மாற்று என்று அங்கே கட்டளை கொடுத்தால், கிட் நாம் கொடுத்த பெயரையே முதலில் சேர்த்துவிடும், இரண்டும் ஒன்றாகிப்போய் மாற்ற ஒன்றும் இருக்காது.

ஸ்கிரிப்ட் சின்னதுதான். ரெப்போவில் உள்ள ஒவ்வொரு பெயரையும் எடுத்து, பைத்தானின் யூனிகோடுடேட்டா தொகுப்பில் உள்ள நார்மலைஸ் மூலம் என்எஃப்சி ஆக்கிப் பார்க்கும். மாறவில்லை என்றால் விட்டுவிடும். மாறி, அந்தப் பெயரில் வேறு ஃபைல் இல்லை என்றால் கிட் எம்வி கொண்டு பெயர் மாற்றும். படங்கள் பெரும்பாலும் இதில் முடிந்தன. இரண்டும் இருந்தால் எதையும் தொடாமல் பட்டியலில் போடும். இந்த இடத்தில் ஸ்கிரிப்டை முடிவெடுக்க விடக்கூடாது.

அந்தப் பட்டியலை ஆசிரியரும் அக்காவும் உட்கார்ந்து பார்த்தார்கள். ஒரு ஃபைலில் 'செலக்ட் ஃபார் கம்பேர்', மற்றதில் 'கம்பேர் வித் செலக்டெட்' கொடுத்தால் விஎஸ் கோட் இரண்டையும் அருகருகே காட்டும். கோட்டையூரில் ஒரு பக்கம் ஆசிரியர் சந்திப்பிழைகள் எல்லாம் திருத்தியிருந்தார். மறுபக்கம் அக்கா ஒரு வீட்டின் தரையைப் பற்றி, கல்லைக் கண்ணாடி மேல் வைத்து வார்ப்பதால்தான் அந்த வழவழப்பு என்று ஒரு பத்தி சேர்த்திருந்தார். இரண்டும் வேண்டும். கொத்தமங்கலத்தில் ஒரே வாக்கியத்தை இருவரும் இரண்டு விதமாக மாற்றியிருந்தார்கள், அதற்குக் கொஞ்சம் பேச்சு நடந்தது. ஆசிரியர் சொன்னதே நின்றது.

பெயர்களை முடித்த பிறகு ஃபைல்களின் உள்ளேயும் அதே நார்மலைஸை ஓட்டி, தனிக் கமிட்டாகப் போட்டேன். இது தேவையா என்று தம்பி கேட்டார். தளத்தின் தேடல் பெட்டியில் 'கோட்டை' என்று தேடச் சொன்னேன், அக்கா எழுதிய சில பத்திகள் அகப்படவில்லை. மேக்கில் ஃபைல் பெயரை அப்படியே நகலெடுத்து உள்ளே ஒட்டியிருந்த இடங்கள் அவை.

கடைசியில் மூவரும் பழைய ஃபோல்டரைப் புல் செய்யாமல் ஓரமாக வைத்துவிட்டு, புதிதாக க்ளோன் செய்தார்கள். அக்காவின் சோர்ஸ் கண்ட்ரோல் பட்டி காலியாக வந்தது.

திரும்ப வராமல் இருக்க

ப்ரீ-கமிட் ஹுக் (கமிட்டுக்கு முன் தானாக ஓடும் ஸ்கிரிப்ட்) ஒன்று எழுதி, சேராத பெயர் இருந்தால் கமிட்டை நிறுத்தும்படி வைத்தேன். ஹுக்குகள் க்ளோனோடு வராது என்பதால் ரெப்போவுக்குள்ளேயே ஒரு ஃபோல்டரில் போட்டு, கோர்.ஹுக்ஸ்பாத் அமைப்பை ஒவ்வொருவர் கணினியிலும் அதை நோக்கித் திருப்பினோம். அதையும் தாண்டிக் கமிட் செய்ய வழி உண்டு, அதனால் சர்வரில் தளம் கட்டுவதற்கு முன் இதே சோதனை இன்னொரு முறை ஓடும். மறித்தால் வரும் செய்தி தமிழில்தான்: எந்த ஃபைல், பெயரின் எந்த எழுத்து பிரிந்திருக்கிறது, எப்படிச் சரிசெய்வது என்று.

இதைக் கேள்விப்பட்ட ஒரு நண்பர், ஃபைல் பெயரை ஆங்கிலத்தில் வைத்துத் தொலைக்க வேண்டியதுதானே என்றார். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஆத்தங்குடியை ஆங்கில எழுத்தில் எழுத எத்தனையோ வழி. 'டி' ஒன்றா இரண்டா, நடுவில் 'எச்' உண்டா, முதலில் 'ஏ' ஒன்றா இரண்டா என்று ஆளுக்கொரு விதமாக எழுதுவார்கள், அங்கேயும் ஓர் ஊருக்கு இரண்டு ஃபைல் பிறக்கும். அதைப் பிடிக்க எந்த ஸ்கிரிப்டாலும் முடியாது. தமிழில் வரும் இந்தக் கோளாறுக்காவது துல்லியமான விதி இருக்கிறது, ஒரு வரிக் கட்டளையில் சோதித்துவிடலாம்.

மிச்சமிருந்தது பழைய முகவரிகள். பிரிந்த பெயரில் உருவான பக்கங்களின் இணைப்பைச் சிலர் வாட்ஸாப் குழுக்களில் பகிர்ந்திருந்தார்கள். இப்போது அவை 404. வந்த முகவரியை என்எஃப்சி ஆக்கிப் பார்த்து, அப்படி ஒரு பக்கம் இருந்தால் 301 (நிரந்தரமாக இடம் மாறியது என்ற பதில்) கொடுத்து அங்கே அனுப்பும்படி சர்வரில் ஒரு விதி சேர்த்தேன். கோனாப்பட்டு இணைப்பைத் திறந்து பார்த்துவிட்டு, அக்கா அடுத்த ஃபோல்டர் படங்களைக் கமிட் செய்யத் தொடங்கினார்.